இயந்திரத்துக்கு வழி விட்டவர்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் அதில் விட்டுவைத்திருக்கிறார்கள். காலை வணக்கமும் ரோஜாப் பூவும் அனுப்ப ஆள் வேண்டுமே. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. பக்கவாத நோயாளிகளின் கைக்குப் பயிற்சி கொடுக்கப் புதிய ரோபோ ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறார்கள். கீழே எனக்கு ஒரு கேள்வி: "மேடம், உங்க அனுபவத்துல சொல்லுங்க. ரோபோ பெஸ்ட்டா, மனுசன் கை பெஸ்ட்டா?"

பட்டிமன்றத் தலைப்பு. தீர்ப்புச் சொல்லிவிட்டால் கைதட்டி, அடுத்த ரோஜாப் பூவை அனுப்பிவிடுவார்கள். எனக்கு நடுவர் வேலையில் ஆசை இல்லை. பழைய ரோபோ வந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பழைய ரோபோ இப்போது ஸ்டோர் ரூமில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறதாம். அதுவும் ஒரு வகை ஓய்வுதான்.

நான் படித்த கதையை நீட்டப் போவதில்லை. அன்னூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா தோட்டக் கூலி. பீளமேட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்தேன். பிசியோதெரபி என்றால் எண்ணெய் போட்டு நீவிவிடுவது என்று ஊரில் நினைத்தார்கள். பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேலையில் சேர்ந்தேன், தலை நரைத்தது, மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இனி நேரம் பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்று யாரும் யோசிக்கவில்லை.

பக்கவாதம் வந்த கையை எழுப்புவது எப்படி என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நோயாளியின் முழங்கைக்கு அடியில் ஒரு கை, மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கை கொடுத்து உட்கார வேண்டும். "தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருத்தல்தான் வேலையே. தோளுக்குக் கீழே தசையில் ஒரு சின்னத் துடிப்பு வரும். அது வந்த பிறகுதான் நாம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கலாம், அதுவும் அவரால் முடியாத மிச்சத்தை மட்டும். அவசரப்பட்டு முழுதாகத் தூக்கிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கை அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் துறைத்தலைவரை அவர் காதில் விழாமல் கிராஃப் டாக்டர் என்போம். கெட்ட மனிதர் இல்லை, நல்ல படிப்பாளி. ஆனால் நோயாளிக்கு முதுகையும் திரைக்கு முகத்தையும் காட்டி நிற்கிற பழக்கம். "எப்படி இருக்கீங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார். நோயாளி வாயெடுப்பதற்குள் திரையில் பதில் வந்துவிடும். "வெரி குட்" என்று கிளம்பிவிடுவார். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு பேனா உண்டு. கிராஃபில் கோடு ஏறுகிற இடத்தில் அந்த வெளிச்சத்தை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றுவார். கோடு இறங்குகிற இடம் வந்தால் பேனா சட்டைப் பைக்குள் போய்விடும்.

அவர்தான் மேலிடத்தில் சொல்லி ரோபோவை வரவழைத்தார். அதற்கென்று ஒரு ஏசி அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி, கையைப் படுக்கவைத்துப் பட்டை போட ஒரு தொட்டில், தோளுக்கும் முழங்கைக்கும் மோட்டார், எதிரே திரை. திரையில் ஒரு ஆப்பிள் மரம். நோயாளி கையை நீட்டினால் திரையில் ஒரு கை நீண்டு ஆப்பிளைப் பறித்துக் கூடையில் போடும். நோயாளியால் முடிகிற அளவு போக மிச்சத்தை மோட்டார் தூக்கும். அந்த உதவியைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்ல யோசனைதான், நாங்கள் கையால் செய்ததைத்தான் அது மோட்டாரால் செய்தது. பொருத்த வந்த பொறியாளர், திறப்பு விழாவில் கை வழுக்கிக்கொண்டு போவது அழகாக இருக்கட்டும் என்று உதவியை ஏற்றி வைத்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினார். நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

அந்த இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கியவர்கள் இரண்டு பேர். நான் இல்லை. "உங்களுக்கு எதுக்குங்க மேடம் சிரமம்?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒதுக்கிவைப்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. நோயாளியின் கால் எனக்கு, கை இயந்திரத்துக்கு என்று பாகப்பிரிவினை முடிந்தது.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் நாச்சிமுத்து ஐயா. அன்னூர்ப் பக்கம் வாழைத்தோட்டம். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு தப்பித்தது. பேச்சு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. கன்றுக்குட்டியைக்கூட "தள்ளிக்கங்க" என்று சொல்கிற மனிதர். ஊசி போட வந்த நர்ஸிடம் "உங்களுக்குத்தானுங்க சிரமம்" என்று வருத்தம் தெரிவித்தவர்.

நோயாளிகளிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது என் வழக்கம். நடக்க வேண்டும், குளிக்க வேண்டும் என்பார்கள். இவர் வேறு சொன்னார்.

"ஒரே மகளுக்குக் கல்யாணமுங்க அம்மணி. அவிநாசில மண்டபம் புடிச்சாச்சு. வாசல்ல நின்னு வாரவீங்கள ரெண்டு கையும் சேத்திக் கும்பிட்டுக் கூப்புடோணுமுங்க. எடது கைய மட்டும் ஆட்டி வாங்கன்னா, வந்தவீங்க என்ன நெனைப்பாங்க? எனக்குப் பதுலா என்ற மச்சானை நிக்க வெக்கலாம்னு ஊட்ல பேசறாங்க. நானு உசுரோட இருக்கைல இன்னொருத்தர் நின்னா, அது ஆரு ஊட்டுக் கல்யாணமுங்க?"

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மூன்றாவது வாக்கியத்துக்குள் அது வந்துவிடும்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"அட, நம்ம பக்கந்தான். அங்க ஆரு ஊடுங்க?"

"ரங்கன் மகளுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓ, நம்ம ரங்கன் மகளா நீ?" என்றார். வந்துகொண்டிருந்த மரியாதை அந்த இடத்தில் இறங்கிக்கொண்டது.

'நம்ம ரங்கன்' என்றது தப்பில்லை. என் அப்பா அவர்கள் தோட்டத்தில்தான் வாழைக்கு மண் அணைத்தார். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் அடுப்புக்குழி வெட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் அப்பாதான். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு துணியில் லட்டு முடிந்துகொண்டு வருவார். கன்றுக்குட்டிக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. ஐயாவின் பேச்சில் போன மரியாதை இரண்டு நாள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் நான் அவரைப் பிடித்து நிற்கவைத்தபோது கால் நடுங்கியது, கீழே விழுந்துவிடுவோம் என்று பயந்தார். "அம்மணி, உட்றாதீங்க, உட்றாதீங்க" என்றார். மரியாதை அப்போது திரும்பி வந்தது, அதன் பிறகு போகவில்லை. பயம் எப்படியெல்லாம் மனிதரைத் திருத்துகிறது.

கால் என் கையில் மெதுவாகத் தேறியது. கோல் பிடித்து நடந்தார். கையோ இயந்திரத்தில் பறந்தது. ஆப்பிள் கூடை நிறைந்து வழிந்தது. கோடு வானத்தைப் பார்த்து ஏறியது. கிராஃப் டாக்டர் சிவப்பு வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அடுத்து ஆஸ்பத்திரி நிர்வாகத்தார் விருந்தினர்களோடு பார்க்க வரும்போது இந்தக் கோட்டைத்தான் காட்டுவது என்று முடிவு செய்தார். ஐயாவின் மனைவி சரஸ்வதி அம்மா எனக்கே ஆறுதல் சொன்னார். "உங்களைக் குறை சொல்லலீங்க அம்மணி, மெசினு மாதிரி மனுசரு ஆக முடியுங்களா?"

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தது. முதல் பத்திரிகை டாக்டருக்குத்தான் என்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கையாலும் தட்டை ஏந்திக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. இவ்வளவு ஆப்பிள் பறித்தவருக்கு ஒரு தட்டு எம்மாத்திரம் என்று எல்லோரும் நினைத்தோம். டாக்டர் எழுந்து நின்றார். சரஸ்வதி அம்மா தட்டை ஐயாவின் இரண்டு கையிலும் வைத்துவிட்டு விலகினார். இடது கை எழுந்தது. வலது கை எழவில்லை. தட்டு சரிந்து, வெற்றிலையும் வாழைப்பழமும் டாக்டரின் பளபளக்கும் ஷூ மேல் விழுந்தன.

ஐயா தன் கையைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இத்தனை நாள் நம்பிய ஆள் சபை நடுவில் காலை வாரிவிட்ட மாதிரி பார்த்தார்.

"ஒருவேளை டென்ஷனா இருக்கும்" என்றார் டாக்டர். பிறகு வழக்கம்போலத் திரையைத் தேடினார். அந்த அறையில் திரை இல்லை.

நான் ஐயாவை இயந்திர அறைக்குக் கூட்டிப்போனேன். சான்றிதழ்காரர்கள் பட்டை போட்டு ஓட்டினார்கள். கை வழுக்கிக்கொண்டு போய் ஆப்பிளைப் பறித்தது. எல்லோரும் திரைப் பக்கம் நின்றார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோளுக்குக் கீழே தசையில் கையை வைத்தேன். பிசைந்த மாவு மாதிரி கிடந்தது. ஒரு துடிப்பு இல்லை. மோட்டார்தான் ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தது. ஐயா கூடவே போய் வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, மெசின் இழுக்கும்போது நீங்க என்ன பண்றீங்க?"

"அது கூப்புடற பக்கம் போறனுங்க."

"நீங்களா தூக்கறதில்லையா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அது பாட்டுக்கு வந்து கையப் புடிச்சுக் கூட்டிப்போகுதுங்க. நாம குறுக்க வம்பு பண்ணுனா மரியாதையாங்க? வழி உட்டுக் குடுத்துப் போறதுதானுங்க நல்லது."

நான் சிரித்துவிட்டேன். அழ வேண்டிய இடம்தான், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஒரு நோயாளி ரோபோவிடம் நாகரிகமாக நடந்துகொண்டு கையை இழப்பாரா? அவர் சோம்பேறி இல்லை, விடிவதற்குள் மடை திருப்பிய உடம்பு. விருந்தாளியை மறிக்கக் கூடாது என்று வளர்ந்தவர், அவ்வளவுதான். இரும்புக்குக் கொடுத்த அந்த மரியாதையில் கொஞ்சம் என் அப்பாவுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு கோபமும் வந்தது. அதை அப்போதைக்கு விழுங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் உதவியைக் குறைக்கச் சொன்னேன்.

"குறைச்சா கோடு விழுந்துடும்மா. அடுத்த வாரம் பார்க்க வர்றாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் குறைக்கலாம்."

"கல்யாணம் அதுவரைக்கும் காத்திருக்குமா சார்?"

நாங்கள் இருவரும் நாச்சிமுத்து ஐயாவின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். அவர் பட்டையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், அந்தக் கோடு என்னோடதுங்களா, மெசினோடதுங்களா?"

டாக்டர் பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டார். "ரெண்டு பேரோட கூட்டு முயற்சிங்க ஐயா."

"அப்ப மண்டபத்து வாசலுக்கு இதையும் கூட்டிப்போயிறலாமுங்களா? வண்டி சொல்லி உட்றனுங்க."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் டாக்டருக்கு உறைத்தது. போய் அவரே உதவியைக் குறைத்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த விஷயம் இது: வலித்தால் ஒத்துக்கொள்வார், என்ன, வலிக்க வைப்பதுதான் கஷ்டம். கோடு தரையைத் தொட்டது. அடுத்த வாரம் வந்த விருந்தினர்களுக்கு அந்தத் தரையைக் காட்டி, "இது எங்கள் புதிய தொடக்கப் புள்ளி" என்றார். அவர்களும் கைதட்டினார்கள்.

சரஸ்வதி அம்மா கைதட்டவில்லை. "நல்லாப் போயிட்டிருந்ததக் கெடுத்துப்போட்டீங்களே அம்மணி" என்று என்னிடம் அழுதார். ஐயாவும் சோர்ந்துபோனார். மோட்டார் நின்று காத்திருக்கும், இவரும் நின்று காத்திருப்பார். இரண்டு மரியாதைக்காரர்கள் ஒரே வாசலில் நின்று நீங்க போங்க, நீங்க போங்க என்கிற கதைதான். "தூக்குங்க, தள்ளுங்க, எதிர்த்து நில்லுங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எதிர்ப்பது என்ற வேலையே அவருக்கு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. இவ்வளவு பணிவாகப் பேசுகிற எங்கள் ஊர்க்காரர்கள், பணிவை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகிற இடம் ஒன்று உண்டு.

"ஐயா, உங்களுக்கு மேக்காலத் தோட்டம் யாரோடது?"

அவர் முகம் மாறியது. "அவனப் பத்தி எதுக்குங்க இப்ப?"

"வரப்புத் தகராறு இருக்குதுங்களா?"

"அரை அடி உள்ள தள்ளி வெட்டிப்போட்டானுங்க. கோர்ட்டுல கெடக்குதுங்க."

"அப்ப இது மெசின் இல்லைங்க. மேக்காலத் தோட்டத்துக்காரர். உங்க கையப் புடிச்சு வரப்பை உங்க பக்கமாத் தள்ளறாரு. வழி உடறீங்களா?"

என் கைக்கு அடியில் அந்தத் தசை துடித்தது. இத்தனை நாள் கழித்து முதல் துடிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏன்டா, எவன் நெலத்துலடா கால் வெக்கற?" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அந்த ஆஸ்பத்திரி கேட்டதே இல்லை. சான்றிதழ்காரர்கள் இருவரும் ஒரு அடி பின்னால் போனார்கள். திரையில் ஒரு ஆப்பிள் அசைந்தது. விழவில்லை, அசைந்தது. நான் சந்தோஷத்தில் அவர் முதுகில் தட்டிவிட்டேன்.

அதன் பிறகு அந்த ஏசி அறையில் தினமும் வரப்புச் சண்டைதான். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு உள்ளே என்ன வைத்தியம் நடக்கிறது என்றே புரியவில்லை. காலையில் இயந்திரத்தோடு சண்டை, மதியம் என் கையோடு. தளர்ந்தால் நான் "வரப்பு, வரப்பு" என்பேன். கோடு எறும்பு மாதிரி ஏறியது. ஆனால் ஏறினது முழுக்க அவருடையது. இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். என்னைவிட அதற்குப் பொறுமை அதிகம். எவ்வளவு திட்டினாலும் கோபித்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குள் கை முழுதாக வந்துவிடவில்லை. வயிறு வரை எழும், விரல்கள் பாதி விரியும். இடது கை கீழே இறங்கி வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். கும்பிடு என்று சொன்னால் கும்பிடுதான். மச்சான் வாசலில் நிற்க வேண்டாம் என்று முடிவானது.

அவிநாசி மண்டபத்து வாசலில், பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாக, கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். நான் கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தேன். அவர் கும்பிடு வயிற்றுக்கு மேல் போகவில்லை. அதனால் வந்தவர்கள் எல்லோரும் தங்களை அறியாமல் அந்த உயரத்துக்குக் குனிந்து கும்பிட்டார்கள். கிராஃப் டாக்டர் காரிலிருந்து இறங்கி, குலுக்கக் கையை நீட்டிக்கொண்டே வந்தவர், அந்தக் கும்பிடைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒரு நோயாளியின் கையை அவர் நேராகப் பார்த்து அன்றுதான் பார்த்தேன். பிறகு குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்ததும் படம் எடுக்க ஆளைத் தேடினார், அதுவும் அவர்தான். மேற்குத் தோட்டத்துக்காரரும் குடும்பத்தோடு வந்தார். இருப்பதிலேயே வேகமாகக் கை எழுந்தது அவருக்குத்தான்.

என் முறை வந்தது. "வாங்க அம்மணி" என்று வயிற்றில் கை சேர்த்தார். கண் நிறைந்திருந்தது. சரஸ்வதி அம்மா என் கையைப் பிடித்து, "உள்ள வாங்க கண்ணு, மொதல்ல சாப்புடுங்க" என்றார். நான் நகரவில்லை.

"இன்னும் மேல வரும் ஐயா."

"வரமாட்டேங்குதுங்க."

"வருமுங்க. தூக்குங்க."

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். பன்னீர் தெளிக்கிற பெண் சொம்போடு நின்றுவிட்டாள். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். வரப்பு என்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றை அவர் கோபத்தில் தூக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு. அவர் என்னைப் பார்த்தார். நான் யார் மகள் என்று அவருக்குத் தெரியும், ஏன் நிற்கிறேன் என்றும் அப்போது தெரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, உதடு கோணி, கை நடுங்கி நடுங்கி எழுந்து நெஞ்சுக்கு வந்தது. அங்கே இரண்டு கையும் சேர்ந்தன.

"வாங்க" என்றார், மூச்சு வாங்க.

வயிறு வரைக்கும் வந்தது எனக்கு. அதற்கு மேல் எழுந்த அந்த ஒரு சாண் என் அப்பாவுக்கு. நானும் கும்பிட்டேன். பிறகு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அப்போதுதான் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பந்தியில் நடுவில் ஒரு இலையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.